வேலையிலிருந்து தப்பித்தல்: ஓர் அமெரிக்க இயக்கம் பற்றி

'வருமானத்தில் பாதிக்கு மேல் மிச்சம் பிடி, முப்பத்தைந்து நாற்பது வயதில் வேலையை விட்டுவிடு.' அமெரிக்க நடுத்தர வர்க்கத்தில் ஒரு பகுதியினர் இதை 'நிதிச் சுதந்திரம், முன்கூட்டிய ஓய்வு' என்ற பெயரில் இயக்கமாகவே நடத்துகிறார்கள். பணக்காரன் விளையாட்டு என்று தள்ளிவிடலாம்தான். என்னால் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை.

ஓய்வு என்பது அங்கே கூட்டுக் கோரிக்கையாகத்தான் தொடங்கியது. 1886 மே மாதம் சிகாகோ தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். 1935இல் பெருமந்தத்தின் நெருக்கடிக்கிடையே வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் 65 வயதில் ஓய்வூதியம் தந்தது. விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலை செய்பவர்களையும் அச்சட்டம் வெளியே நிறுத்தியது. தெற்கின் கறுப்பர்களில் பெரும்பாலோர் செய்தது இவ்வேலைகளைத்தான். 1978ஆம் ஆண்டு வரிச்சட்டத்தில் 401(கே) என்றொரு பிரிவு நுழைந்தது. 80களிலிருந்து நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஓய்வூதியப் பொறுப்பைத் தொழிலாளியின் தனிக் கணக்குக்குத் தள்ளிவிட்டன. உன் முதுமை உன் பாடு!

இந்தச் சூழலில்தான் 1992இல் விக்கி ராபினும் ஜோ டொமிங்குவெஸும் எழுதிய 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' வெளியானது. நாம் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் விற்றுத் தீர்த்த ஆயுள் என்றது அது. மார்க்சைப் படித்தவருக்கு இது அந்நியமான பேச்சா என்ன? 1994இல் வில்லியம் பெங்கன் ஒரு கணக்குப் போட்டார்: சேமிப்பில் முதலாண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்பக் கூட்டிக்கொண்டால் 30 ஆண்டு தாங்கும். ஆண்டுச் செலவைப்போல 25 மடங்கு சேர்த்தால் விடுதலை என்ற சூத்திரம் இதிலிருந்து வந்தது. முப்பத்தைந்தில் ஓய்வுபெறுகிறவருக்கு 30 ஆண்டு போதுமா என்பது வேறு விஷயம்.

என் கேள்வி, அந்த 4 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். டொமிங்குவெஸ் அரசுக் கடன்பத்திரங்களைச் சிபாரிசு செய்தார். பின்வந்தவர்கள் பங்குச்சந்தைக்குப் போனார்கள். கடன்பத்திர வட்டி ஊரார் கட்டும் வரி, பங்காதாயம் வேறொருவரின் உபரி உழைப்பு. எல்லாரும் முப்பத்தைந்தில் வெளியேறிவிட்டால் ஆதாயத்தை யார் உற்பத்தி செய்வது? ஒருவர் வெளியேற, மற்றவர் உள்ளேயே கிடக்க வேண்டும். இதை எல்லாருக்குமான விடுதலை என்று நான் எப்படிச் சொல்ல?

ஆனாலும், எவ்வளவு இருந்தால் போதும், வாழ்நாளில் எத்தனை மணி நேரத்தை விற்பது என்று இவர்கள் கேட்பது நம்முடைய கேள்வியும்தான். மார்க்சின் மருமகன் பால் லஃபார்க் 1880இலேயே சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றி எழுதி, நாளுக்கு மூன்று மணி நேர வேலை போதும் என்றார். கூலி உயர்வைப் பேசுகிற நம் மேடைகளில் அந்த மூன்று மணி நேரத்தையும் பேச வேண்டும். நாம் பேசாமல் விட்டால் பங்குத்தரகர்தான் பேசுவார்.