அந்தப் படிவத்துல நான் எழுதாம விட்ட வரி

நைட் டியூட்டியில ஒரு இறப்புச் சான்று எழுதினேன். 34 வயசு, தி.நகர் துணிக்கடை ஒண்ணுல வேலை பார்த்தவங்க. படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருந்திருக்காங்க. இறப்புக்குக் காரணம்னு நான் எழுதினது: இதயமும் சுவாசமும் நின்றது. யோசிச்சுப் பாருங்க, செத்துப்போற எல்லாருக்கும் அதுதானே நடக்குது!

கேஸ் ஷீட்லயே எக்கோ ரிப்போர்ட் இருந்தது. சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல்ல இதய வால்வு சுருங்கி, நுரையீரல் ரத்தக்குழாய்கள்ல அழுத்தம் எகிறியிருந்தது. பல்மனரி ஹைப்பர்டென்ஷன். கையில பட்டை கட்டிப் பார்க்குற பிபி-யில இது தெரியாது.

இந்த நோயோட வரலாறே பிரேதப் பரிசோதனையிலதான் தொடங்குது. 1891-ல ஜெர்மன் மருத்துவர் ரோம்பெர்க், நுரையீரல் ரத்தக்குழாய்கள் தடிச்சுப் போயிருந்ததை விவரிச்சார். காரணம் அவருக்குப் பிடிபடல. வயாகராவா 1998-ல வந்த சில்டெனாஃபில், 2005-ல இந்த நோயின் ஒரு வகைக்கும் மருந்தா அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு. (ஆமா, அதே மாத்திரைதான். சீட்டைப் பார்த்து வெட்கப்படாதீங்க.)

இந்த நோயால ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, எந்த மாநிலத்துல அதிகம்னு அமெரிக்காவுல இறப்புச் சான்றுகளை வச்சே கணக்குப் போடுறாங்க. இங்க சட்டம் 1969-லயே வந்தாச்சு. ஆனா 2020-ல பதிவான இறப்புகள்ல மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தது 22.5 சதவீதம்தான். அதுலயும் என் கையெழுத்து மாதிரி எத்தனை இருக்கோ.

இதைச் சரிபண்ண முடியும்னு சென்னையே காட்டியிருக்கு. 1995-97-ல இங்க இறந்த சுமார் 48,000 பெரியவங்களோட வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் போனாங்க. கடைசி நாட்கள் எப்படி இருந்துச்சுன்னு குடும்பத்துக்கிட்ட கேட்டு எழுதினாங்க. மருத்துவர்கள் அதைப் படிச்சுக் காரணத்தைத் தீர்மானிச்சாங்க. டாக்டர் கஜலட்சுமி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோ குழுவோட வேலை, 2002-ல வெளியாச்சு. காரணம் தெளிவில்லாத மரணங்கள் கணிசமா குறைஞ்சுது.

ஆனா நம்ம நோய்க்கு அந்த வழி பத்தாது. குடும்பத்துக்குத் தெரிஞ்சது 'வீசிங்', இல்லேன்னா 'ஹார்ட் வீக்'. நுரையீரல் அழுத்தம்னு எந்த வீட்லயும் சொல்ல மாட்டாங்க. எக்கோவைக் கையில வச்சிருக்குற டாக்டர்தான் எழுதணும்.

படிவத்துல அதுக்கு இடம் இருக்கு. சாகும் விதத்தை எழுதாதே, நோயை எழுதுன்னு அதுலயே அச்சடிச்சிருக்கு. இப்போ எழுதுறேன்: வலது இதயச் செயலிழப்பு, அதுக்குக் காரணம் பல்மனரி ஹைப்பர்டென்ஷன், அதுக்கும் காரணம் ருமாட்டிக் வால்வு நோய்.

அந்தப் பெண்ணோட படிவம் பழைய வரியோடவே மாநகராட்சிக்குப் போயிடுச்சு. கிளம்பும்போது அவங்க வீட்டுக்காரர் கேட்டார், "ஆஸ்துமாவா சார்?"