மாணவராய் அமர்ந்த ஆசிரியர்

பங்கின் வரலாற்றை எழுதுங்கால் கோயில் எழுப்பியோரை நினைக்கிறோம். அறிவு புகட்டியோரை நினைப்பதும் நம் கடனே. நம் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் ஆசிரியப் பணியாற்றிய சேவியர் தனிநாயகம் அடிகளாரை இவ்விழா வேளையில் நன்றியுடன் நினைவுகூர்கின்றோம்.

1913-இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் பிறந்த அடிகளார், உரோமையில் பயின்று 1938-இல் குருப்பட்டம் பெற்றார். பின்னர் வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளியில் பணியேற்றார். மேலைமொழிகள் பல கற்றிருந்த அவருக்குத் தாய்மொழி இலக்கியம் பழகாதிருந்தது. உரோமையில் படித்த குருவாயிற்றே என்று அவர் கூச்சப்படவில்லை. தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்து பாடங்கேட்டார். முப்பது வயதைக் கடந்தபின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று முறையாகத் தமிழ் பயின்றார்.

அப்பணிவின் பலனை உலகே கண்டது. இலங்கையிலும் மலாயாவிலும் பல்கலைக்கழக ஆசிரியராய் விளங்கினார். லிஸ்பன் நகரில் 1554-இல் அச்சான தமிழ் மறைக்கல்வி நூலை அறிஞருலகம் அறியச் செய்தார். 1964-இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். 1966-இல் அதன் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார்.

1980 செப்டம்பர் 1-ஆம் நாள் அடிகளார் இறைவனடி சேர்ந்தார். ஆங்கிலப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எட்டாமற் போய்விடுமோ என்று கவலையுறும் பெற்றோரே, காலம் கடந்துவிடவில்லை. கற்பிக்க வந்த இடத்தில் கற்க அமர்ந்தவரின் வாழ்வே அதற்குச் சான்று. பிள்ளைகளோடு நாமும் புத்தகத்தைத் திறப்போம். அதுவே அவருக்கு நாம் செலுத்தும் காணிக்கை.