சிறைக்கோட்டமும் வாக்குரிமையும்

சென்ற 2024ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 19ஆம் தேதி, பாராளுமன்றத் தேர்தலின் பொருட்டுத் தமிழ்நாடு முழுதும் வாக்குப் பதிவு நடந்த தினத்தில், அபிராமபுரத்தில் எம் தெருவில் வசிக்கும் ஒரு கைம்பெண் எம்மிடம் வந்தார். அவர் கையில் இரண்டு வாக்காளர் சீட்டுகள் இருந்தன. ஒன்று அவருடையது, மற்றது மோட்டார் ஓட்டிப் பிழைக்கும் அவருடைய மகனுடையது. மகனோ ஓர் அடிதடி வழக்கில் பிடிபட்டு, விசாரணைக் கைதியாகச் சிறையிலிருந்தான். “சீட்டு வீடு தேடி வந்திருக்கிறதே, ஐயா! அவன் ஓட்டை நான் போடலாமா? அல்லது சிறையிலேயே பெட்டி வைப்பார்களா?” என்று வினவினார். யாம் சிறிதும் ஆலோசியாமல், “தபால் வழியாகப் போடலாம் அம்மா, அவனுக்கு அங்கே காகிதம் வந்திருக்கும்” என்று கூறி அனுப்பிவிட்டோம். அவரும் மனம் தேறிப் போயினார். அன்றிரவு சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோதுதான் யாம் கூறியது முழுப் பிழை என்பது விளங்கிற்று. அப்பிழையே இக்கட்டுரை எழுதக் காரணம்.

குற்றவாளிக்கு ஊராட்சியில் இடமுண்டோ என்னும் கேள்வி நம் நாட்டிற்குப் புதியதன்று. உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்ட சாசனங்களை அறியாத தமிழர் சிலரே. வாரியப் பெருமக்களைக் குடவோலையிட்டுத் தேர்ந்தெடுத்த முறை அவற்றிற் கூறப்பட்டுள்ளது. கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், சொந்த மனையில் வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட வயதும் உடையவரே ஓலையில் பெயரெழுதப்படத் தக்கவர். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் தகார். அவருடைய நெருங்கிய உறவினரும் தகார். மகா பாதகஞ் செய்தவர் தகார். பிறர் பொருளைக் கவர்ந்தவர் தகார். இவற்றினும் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. சில குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து சுத்தரானவர்களையும் ஆயுள் பரியந்தம் ஓலையில் எழுதலாகாது என்று அச்சாசனம் விதிக்கின்றது. அதாவது, குற்றம் கழுவப்பட்ட பின்னரும் தகுதி திரும்புவதில்லை.

இச்சாசனத்தை எடுத்துக் காட்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே குற்றவாளிகளின் வாக்குரிமையை நம் முன்னோர் பறித்தனர் என மேடைகளிற் சிலர் முழங்குவதுண்டு. அஃது பொருந்தாது. அங்கே பறிக்கப்பட்டது பதவிக்குரிய தகுதியேயன்றி வாக்கு அன்று. வாக்கு என்பதே அங்கில்லை. குடத்திலிட்ட ஓலையை ஒன்றுமறியாத சிறுவன் ஒருவன் எடுத்தான், அவ்வளவே. அன்றியும், அஃது ஒரு பிரமதேயச் சபையின் ஏற்பாடு. உழுதவரும் நெய்தவரும் அதனுட் சேர்ந்தவரல்லர். பதவியில் அமர்பவனுக்கு இருக்கவேண்டிய ஒழுக்கம் வேறு, அவனை அமர்த்தும் குடியின் உரிமை வேறு என்னும் பேதத்தை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். இவ்விரண்டையும் குழப்புவதனாலேயே இவ்விஷயத்தில் வீண் வாதங்கள் பல எழுகின்றன.

வாக்குரிமையைப் பறிக்கும் வழக்கம் நமக்குக் கடல் கடந்து வந்தது. இங்கிலாந்தில் பெருங் குற்றஞ் செய்தவன் உயிரோடிருந்தும் செத்தவனாகக் கருதப்பட்டான். அவன் நிலபுலன்கள் அரசனைச் சேர்ந்தன. 1870ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று சொத்துப் பறிமுதலை ஒழித்தது. ஆயினும் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்ட தண்டனை பெற்றவன் அதனை அனுபவித்துத் தீரும் வரை வாக்களிக்கலாகாதென அதே சட்டம் விதித்தது. இதன் சாயலே 1935ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தில் விழுந்தது. தீவாந்தரமோ சிறைவாசமோ தண்டனையாக அனுபவித்து வருகிறவன், அனுபவிக்கும் அக்காலத்தில் வாக்களிக்கலாகாது என்று அதன் ஆறாவது அட்டவணை கூறிற்று. தண்டனை பெற்றவனைப் பற்றி மட்டுமே அது பேசிற்று என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்க.

நிற்க. அந்நாளில் குற்றவாளி என்று எவரைச் சொன்னார்கள்? 1908ஆம் வருஷம் ஜூலை மாதம் 7ஆம் தேதி, திருநெல்வேலியில் பின்ஹே என்னும் நீதிபதி, ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களுக்கு இராஜ நிந்தனைக்காகவும், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாயிருந்ததற்காகவும் இரட்டைத் தீவாந்தர சிக்ஷை விதித்தார். ஹைக்கோர்ட்டார் அதனைப் பெரிதும் குறைத்தனர். கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து, 1912ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் பிள்ளையவர்கள் விடுதலையானார். சட்டப்படி தண்டனை அன்றோடு தீர்ந்தது. தீர்ந்ததோ? அவருடைய வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. கப்பல் ஓட்டிய கைகள் சென்னையில், நம் மயிலாப்பூர் உட்படப் பல இடங்களில் குடியிருந்து, அன்றாடச் செலவிற்கு அல்லற்பட்டன. பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் நல்லெண்ணத்தால் சன்னது மீண்டது. அந்நன்றியை மறவாமல், தமக்குப் பிறந்த மகனுக்கு வாலேசுவரன் என்று பிள்ளையவர்கள் பெயரிட்டார். தண்டனை தீர்ந்த மனிதனுக்குப் பழைய நிலை திரும்பக் கிடைப்பது எத்தகைய பேறு என்பதற்கு அப்பெயரைவிட வேறு சான்று எமக்குத் தோன்றவில்லை.

ஒரு மனிதர் கதை இது. ஒரு குலமே குற்றவாளியாக எழுதப்பட்ட கதையும் உண்டு. குலச் சங்கமாகிய நாம் அதனை மறத்தல் தகாது. 1871ஆம் வருஷத்தில் வடநாட்டில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் வருஷத்துச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. பிறந்த குழந்தை எக்குற்றமும் செய்யுமுன்னரே, பிறப்பினாற் குற்றவாளியாயிற்று. வயது வந்த ஆடவர் கைரேகை பதியவேண்டும். பலர் இரவில் போலீஸ் ஸ்டேஷனிற் படுக்கவேண்டும். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டுப் பெறவேண்டும். மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர் இதற்கு இணங்க மறுத்தனர். 1920ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 3ஆம் தேதி போலீஸார் சுட்டதில் ஒரு பெண்மணி உட்படப் பதினைவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947லும், இந்தியா முழுதும் 1952லும் அச்சட்டம் ஒழிந்தது. குற்றவாளிகளின் உரிமையைப் பறிப்போம் என்று எவரேனும் கூறுமிடத்து, குற்றவாளி யார் என்பதை எழுதும் பேனா எவர் கையில் இருக்கிறது என்று முதலில் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்பது எம் அபிப்பிராயம்.

சுதந்தரம் வந்தது. அரசியற் சட்டத்தின் 326ஆம் ஷரத்து வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமையளித்தது; குற்றத்தின் காரணமாக அதனை நீக்கச் சட்டசபைகளுக்கு அதிகாரமும் கொடுத்தது. அதன் பேரில் இயற்றப்பட்ட 1951ஆம் வருஷத்து மக்கட் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, 5ஆம் உட்பிரிவு கூறுவதாவது: தண்டனையின் பேரிலோ, வேறு விதமாகவோ சிறையில் அடைபட்டிருப்பவரும், போலீஸாரின் சட்டபூர்வமான காவலில் இருப்பவரும் வாக்களிக்கலாகாது. ‘வேறு விதமாகவோ’ என்னும் இச்சிறு சொற்றொடரே விசாரணைக் கைதியை விழுங்கியது. 1935இல் அந்நியர் இயற்றிய சட்டம் தண்டனை அனுபவிப்பவனைத் தடுத்தது. 1951இல் நாமே இயற்றிய சட்டம், குற்றம் ரூபிக்கப்படாதவனையும் சேர்த்துத் தடுத்தது.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர் வாக்களிக்கலாம். அவர்க்கே தபால் வாக்கு. அக்காலத்து நிலைமையை எண்ணின் காரணம் விளங்கும். 1950இல் ஏ. கே. கோபாலன் சென்னைச் சிறையிலிருந்தபடியே தடுப்புக் காவலை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். அவ்வழக்கு தோற்றாலும் பெரும் புகழ் பெற்றது. ஆளும் கட்சியார் எதிர்க்கட்சியாரை விசாரணையின்றி அடைத்து அவர் வாக்கையும் பறித்தல் நேர்மையன்று என்பது எவர்க்கும் புலனாகும். ஆனால் இவ்விலக்கின் விளைவைப் பாருங்கள். நம் மாகாணத்து 1982ஆம் வருஷத்துக் குண்டர் தடுப்புச் சட்டத்தில், சமூகத்துக்கு ஆபத்தானவன் என்று அடைக்கப்பட்டவன் தபாலில் வாக்களிக்கலாம். கொலைக் குற்றம் ரூபிக்கப்பட்டு, அப்பீல் செய்து ஜாமீனில் வெளிவந்தவன் சாவடிக்கே நடந்து சென்று வாக்களிக்கலாம். தெருச் சண்டையிற் பிடிபட்டு, ஜாமீன் கொடுக்க ஆளின்றிச் சிறையிலிருக்கும் ஏழை மட்டும் வாக்களிக்கலாகாது. அத்தாய்க்கு யாம் கூறிய பிழையான விடையும் இங்கிருந்தே பிறந்தது: தடுப்புக் காவலுக்குரிய விலக்கை எல்லாக் கைதிகளுக்கும் உரியதென எண்ணிவிட்டோம்.

சுப்ரீம் கோர்ட்டார் 1997இல், அனுகூல் சந்திர பிரதான் என்பவரது வழக்கில், இவ்வுட்பிரிவு செல்லுமென்று தீர்ப்பளித்தனர். சிறைவாசிகள் யாவரையும் வாக்களிக்கச் செய்வதாயின் போலீஸ் முதலிய ஏற்பாடுகள் மிகுதியும் வேண்டும். தன் நடத்தையாற் சிறை புகுந்தவன் வெளியிலிருப்பவனுக்குள்ள சுதந்தரத்தைக் கோர இயலாது. குற்றவாளிகளைத் தேர்தற் களத்தினின்றும் விலக்கி வைத்தல் நலம் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். இவற்றை எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. சிறைக்குள்ளிருந்தே ஜனங்களை மிரட்டும் ரௌடிகளை நாம் அறியாதவரல்லோம். ஒரு பெரிய சிறையின் வாக்கு முழுதையும் ஒரு தலைவன் கட்டளையிட்டுப் போடுவிக்கக்கூடும் என்னும் அச்சமும் நியாயமானதே. ஆயின் தன் நடத்தையாற் சிறை புகுந்தவன் என்னும் வாதம் தண்டனை பெற்றவனுக்குப் பொருந்துமேயன்றி, விசாரணை முடியாதவனுக்கு எங்ஙனம் பொருந்தும்? 2022ஆம் வருஷ முடிவில் இந்தியச் சிறைகளிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகளே என்று சர்க்கார் கணக்கே கூறுகின்றது. நாலில் மூன்று பங்கினர்! செலவு மிகுதி என்னும் வாதமும், தடுப்புக் காவலினர்க்குத் தபால் வாக்கு நடைபெறுவதை நோக்கின் வலுவிழக்கின்றது.

இன்னுமொரு விநோதம் உண்டு. வாக்களிக்க இயலாதவன் வேட்பாளனாகவும் இயலாது என்று 2013ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். அவ்வருஷத்திலேயே பாராளுமன்றத்தார் சட்டத்தைத் திருத்தினர்: சிறையிலிருப்பதனால் ஒருவன் வாக்காளன் அல்லாதவனாய்விடான், பட்டியலில் அவன் பெயர் நிலைத்திருக்கும் என்றனர். ஆகவே விசாரணைக் கைதி சிறையிலிருந்தே தேர்தலுக்கு நிற்கலாம், வெல்லலாம். தனக்குத் தானே வாக்களிக்க மட்டும் இயலாது. அபிராமபுரத்து அன்னைக்கு மகன் பெயரில் சீட்டு வந்ததன் இரகசியமும் இதுவே. பிரபலஸ்தர்களின் அவசரத்துக்குச் சட்டம் ஒரே வருஷத்தில் திருந்திற்று என்பதைச் சொல்லாமல் விட எமக்கு மனமில்லை.

பிற தேசங்களையும் சிறிது நோக்குவோம். இலங்கை அரசியற் சட்டம், குறித்த சில தண்டனைகளை அனுபவித்து விடுதலையானவனுக்கு மேலும் ஏழு ஆண்டுகள் வாக்களிக்கத் தடை விதிக்கின்றது. தென்னாப்பிரிக்காவில் 1999இலும், கானடாவில் 2002இலும் கைதிகளின் வாக்குரிமையை அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றங்கள் நிலைநாட்டின. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ராஜ்யத்துக்கு ராஜ்யம் விதி மாறும்: மெயின், வெர்மான்ட் இரண்டிலும் சிறைக்குள்ளிருந்தே வாக்களிக்கலாம். அலபாமாவிலோ, நீக்ரோவரை விலக்கும் கருத்தோடேயே 1901இல் குற்றவாளி விதி எழுதப்பட்டதென்று 1985இல் உச்ச நீதிமன்றம் கண்டு அதனைத் தள்ளிற்று. பிளாரிடாவில் தண்டனை முடித்தவர்க்கு வாக்குரிமை மீளவேண்டுமென்று 2018இல் ஜனங்களே வாக்களித்தனர். மறு வருஷமே, அபராதமும் கோர்ட்டுச் செலவும் கட்டித் தீர்த்தவர்க்கே அவ்வுரிமை எனச் சட்டசபையார் விதித்தனர். பணமில்லாதவன் அங்கும் வாயிற்படியிலேயே நிற்கிறான்.

இவற்றோடு ஒப்பிடுமிடத்து நம் நாட்டுச் சட்டம் ஒரு வகையிற் கருணையுடையதே. சிறைக் கதவு திறந்த அன்றே வாக்குரிமை மீள்கின்றது. வாக்குக்குப் பணம் கொடுத்தல், ஆள்மாறாட்டம் முதலிய தேர்தற் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்க்கு மட்டும் ஆறு ஆண்டுத் தடையுண்டு. அது தகும், வாக்கை விற்றவனிடம் வாக்கை எடுத்துக்கொள்வது குற்றத்துக்கேற்ற தண்டனை. கொடுங் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறையிலிருப்பவன் அக்கால அளவு வாக்கிழத்தலையும் யாம் பெரிதும் எதிர்ப்பதற்கில்லை. நம்முள் இளைஞர் சிலர் அதனையும் எதிர்க்கின்றனர், அவர்கள் வாதத்தை அவர்களே எழுதுவாராக. விசாரணைக் கைதியின் விஷயத்தில் மட்டும் எமக்கு ஐயமில்லை. தீர்ப்புக்கு முன்னர் அவனிடமிருந்து எடுக்கப்பட்ட வாக்கை, குற்றமற்றவன் என்று பின்னர் விடுவிக்கும் எந்த நீதிபதியும் திருப்பிக் கொடுக்க இயலாது, அத்தேர்தல் போய்விட்டது.

மறுநாட் காலை யாம் அவ்வம்மையாரின் இல்லஞ் சென்று, கூறியது தவறென்று ஒப்புக்கொண்டோம். அவர் கோபிக்கவில்லை. “ஓட்டுப் போனால் போகட்டும், ஐயா. ஜாமீன் கொடுத்து மூன்று வாரமாகிறது. கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டுமாம். வேலை செய்த வீட்டில் கேட்டேன், யோசிக்கிறோம் என்றார்கள்” என்றார். மூன்று வாரங்களுக்கு முன்னரே இருவர் கையெழுத்திட்டிருப்பின், அவன் அந்த 19ஆம் தேதி சாவடியில் வரிசையில் நின்றிருப்பான். யாமும் எம் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவரும் மறு வாரம் கோர்ட்டுக்குப் போய்க் கையெழுத்திட்டோம். ரேஷன் கார்டு, வரி கட்டிய ரசீது, புகைப்படம் ஆகியவற்றைக் காட்டி ஒரு முழுப் பகல் காத்திருக்க வேண்டியிருந்தது. வேறு சிரமம் ஒன்றுமில்லை. ஜூன் மாதம் 4ஆம் தேதி வாக்குகள் எண்ணப்பட்டபோது, பையன் வீட்டிலிருந்து ரேடியோவில் முடிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.