ராஃபிளுக்கு ஒரு ஒட்டுப்போர்வை

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு அமெரிக்காவிலிருந்து அக்கா போன்.

"டேய், எங்க சர்ச்ல கூரை ஒழுகுது. நிதிக்கு ஒரு குவில்ட் தைச்சு ராஃபிள் விடப்போறோம். தஞ்சாவூர் டிசைனா ஒண்ணு சொல்லு, என்ன சைஸ்னும் சொல்லு. அப்புறம், அம்மாவோட பழைய புடவைங்க பீரோல சும்மாதானே கெடக்கு? அனுப்பிவிடு, வெட்டிக்கலாம்."

கடைசி வரியில் தூக்கம் போச்சு. அம்மா புடவையை வெட்டி, சீட்டு விழுந்த எவனோ ஒருத்தன் போர்த்திக்கிறதா? "பாத்துட்டுச் சொல்றேங்கா"ன்னு வச்சுட்டேன். அப்புறம் வழக்கம்போல பழைய கதைகளைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

குவில்ட் தெரியாத மக்களுக்கு: துண்டுத் துணிகளை இணைச்ச மேல்பக்கம், நடுவுல பஞ்சு, அடியில ஒரு துணி. மூணையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டா போர்வை. அமெரிக்கச் சபைப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை வைத்துப் பணம் சேர்த்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது கையெழுத்துப் போர்வை. சின்னத் தொகை கொடுத்தால் உங்கள் பெயரைப் போர்வையில் தைப்பார்கள். தைத்து முடித்த போர்வையையும் ஏலம் விடலாம். ஆக, ஒரே போர்வையில் ரெண்டு வசூல்! முதல் உலகப்போரின்போது, 1917-ல், செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இப்படி ஒரு போர்வையால் ஆயிரம் டாலர் திரட்டலாம் என்று ஒரு பெண்கள் பத்திரிகை மாதிரிப்படமே போட்டது.

நம்ம பக்கம் குளிருக்குப் போர்வையே வேண்டாம், இதில் குவில்ட் எங்கே? ஆனால் ஊசியும் நூலும் சபையை நடத்திய கதை இங்கேயும் உண்டு. 1819-ல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. நாகர்கோவிலில் லேஸ் விற்ற காசில் அடிமைப் பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே வாங்கிக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே சில பெண்களை ஊசி மீட்டுவிட்டது. ஆனால் அந்த லேஸ் சீமைப் பெண்களின் உடைகளில் ஏறியது. பின்னிய பெண்களின் பெயர் எதிலும் இல்லை. இதை நினைச்சுக்கிட்டே இருந்தேன்.

காவிரிக்கரையில் நம்ம மூலதனம் நெல்தான். உலை வைக்கிறப்போ ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போடுவாங்க அம்மா. பானை நிறைஞ்சா கோயிலுக்கு. பிடியரிசி காணிக்கை. அப்புறம் அறுப்பின் பண்டிகை ஏலம். முதல் கதிர், வாழைத்தார், பூசணி, சேவல் எல்லாம் வரும். ஒரு எலுமிச்சம்பழம் கடையில் விற்பதைப் போல நூறு மடங்குக்குப் போகும். வாங்கினவர் அதைத் திரும்பவும் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி ஏலம் :-)

அப்போ ஏன் நாம ராஃபிள் விடுறதில்லை? ஒண்ணு, அது சூதாட்டம்தான் என்று சொல்லும் சபைகள் உண்டு. மெத்தடிஸ்டுகள் ராஃபிளைக் கண்டிப்பாக எதிர்ப்பவர்கள். இன்னொண்ணு, சட்டம். தமிழ்நாட்டில் 1968-ல் அண்ணா ஆட்சியில் அரசே பரிசுச்சீட்டு தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றார்கள். எத்தனையோ வீட்டில் அடுப்பு அணைஞ்ச பிறகு, 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியை நிறுத்தியது. அரசு அனுமதியில்லாமல் லாட்டரி நடத்துவது அந்தக் காலத்து 294ஏ பிரிவிலும் குற்றம், 2024-ல் வந்த நியாய சன்ஹிதாவிலும் குற்றம். ஏலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கொடுக்கிறவனுக்கு மனசு இருக்கு, ஆசை காட்டி இழுக்க வேண்டியதில்லை.

டிசைனுக்குத் தலையை உடைச்சுக்க வேண்டியதே இல்லை. தேரில் உருளையாகத் தொங்குமே, தொம்பை! வண்ணத்துணியில் தாமரை, கிளி, யாளி என்று வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் தஞ்சாவூர் வேலை. திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒட்டுப்போர்வையும் அதே கைவேலைதான், ஊர்தான் வேறே.

அக்காவுக்குக் கடைசியில் சொன்னது இது:

சைஸ்: அங்கே ரெண்டு பேர் படுக்கும் க்வீன் மெத்தை 60-க்கு 80 அங்குலம். பக்கத்துக்கு 15 அங்குலம் தொங்கினால் அகலம் 90. கால்மாட்டில் 20 விட்டால் நீளம் 100. சின்னதாத் தைச்சா குழந்தை இருக்கிற வீட்டுக்காரங்கதான் கேப்பாங்க. சுவரளவு தைச்சா தைக்கிறவங்களுக்கு முதுகு போயிடும்.

டிசைன்: 10 அங்குலக் கட்டம், அகலத்தில் 9, நீளத்தில் 10, மொத்தம் 90. சிவப்புத் துணியில் தொம்பைத் தாமரை. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கொடுத்தவர் பெயர்.

ராஃபிள் வேண்டாம், ஏலம் விடு.

புடவை? ஒண்ணே ஒண்ணு அனுப்புறேன். பண்டிகைக்குக் கட்டுற அந்த அரக்கு நூல்புடவை. பிடியரிசியை அள்ளிக் கொடுத்த கைக்கு, புடவையைக் கொடுக்க என்ன கஷ்டம் இருந்திருக்கும்? கஷ்டம் எனக்குத்தான். ஆனா ஒரு நிபந்தனை. நடுவுல இருக்கிற ஒரு கட்டத்துல அம்மா பேரை தமிழ்ல தைக்கணும். லேஸ் பின்னின பெண்கள் மாதிரி பேரில்லாம போகக்கூடாது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அக்கா கேட்டா: "இனிஷியலோடவா, இல்லாமலா?"

டிஸ்கி: தொம்பைத் தாமரையைத் தாளில் வரைந்து அனுப்பத் தெரிந்த புண்ணியவான்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க. நான் வரைஞ்சது முட்டைக்கோஸ் மாதிரி இருக்காம்.