சோளகத்திற்கு முந்திய விழா: அந்தோனியார் தீவுகளின் கடற்பயண வரலாறு

கொழும்புத் துறைமுகத்தை அடுத்துக் கொட்டாஞ்சேனைப் பகுதியில் அமைந்துள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தின் பெருவிழா, 1231இல் பதுவை நகருக்கு அருகில் அப்புனிதர் மறைந்த நாளான ஜூன் 13ஆம் திகதியிலேயே ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. அதே புனிதரின் பெயரில் பாக்கு நீரிணையில் நிற்கும் கச்சதீவு ஆலயத்தின் விழாவோ பெப்ரவரி அல்லது மார்ச்சில், ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தை ஒட்டி நடைபெறுகிறது. இவ்வேறுபாட்டின் வேரை வழிபாட்டு நூல்களில் தேடுவதைவிடக் காற்றின் போக்கில் தேடுவதே பொருத்தமாகும்.

அந்தோனியார் கடலோடிகளின் காவலராகக் கருதப்படுவதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே காரணம் உண்டு. மொரோக்கோவிலிருந்து தாயகமான போர்த்துக்கலுக்குத் திரும்பும் வழியில் அவர் ஏறியிருந்த கப்பல் புயலில் சிக்கிச் சிசிலித் தீவில் ஒதுங்கியதாலேயே அவர் இத்தாலியில் தங்க நேர்ந்தது. கொச்சிக்கடை ஆலயத்தின் தோற்றக் கதையும் கடலோடு பிணைந்ததாகும்: ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், கொச்சியிலிருந்து மறைந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவரிடம் கடலரிப்பால் வருந்திய மீனவர்கள் முறையிட்டனர் என்றும், அவர் கரையில் சிலுவையை நட்டு மன்றாடியபின் அங்கே மணற்றிட்டு எழுந்தது என்றும் மரபு கூறுகிறது. அக்கரையில் எழுந்த சிற்றாலயம் பின்னர் விரிவாக்கப்பட்டு 1834இல் அபிஷேகம் செய்யப்பட்டது.

ஜூன் மாதம் கொழும்புக் கரையில் கடல் கொந்தளிக்கும் மாதம். தென்மேற்குப் பருவக்காற்றை நேரே ஏற்கும் திறந்த துறையாகக் கொழும்பு இருந்தவரை, பெரிய கப்பல்கள் காலியையே நாடின. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1885இல் நிறைவெய்திய தென்மேற்கு அலைதடுப்பு அணையே அந்நிலையை மாற்றியது. நிலவழியாகவே அடியார்கள் வந்து சேரக்கூடிய கொச்சிக்கடைக்கு விழா நாளை மாற்றும் தேவை எக்காலத்திலும் எழவில்லை. கல்லணை கட்ட வழியற்ற வடபகுதித் தீவுகளோ அதே காற்றை நாட்காட்டியைக் கொண்டு எதிர்கொண்டன.

அத்தீவுகளின் ஆண்டை இரு காற்றுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஏறத்தாழ வைகாசி முதல் புரட்டாசி வரை தெற்கும் தென்மேற்குமாக வீசுவது சோளகம்; மாரிகாலத்தில் வடக்கும் வடகிழக்குமாக வீசுவது வாடை. பாக்கு நீரிணை மிகவும் ஆழங்குறைந்தது என்பதால், காற்று எழுந்தவுடன் அங்கே அலைகள் குறுகிய இடைவெளியில் செங்குத்தாக எழுந்து சிறு படகுகளை அலைக்கழிக்கின்றன. மாரிக்காலக் கடலின் கொடுமையை 1964 டிசம்பர் 22, 23ஆம் திகதிகளில் தனுஷ்கோடியை அழித்த புயல் மறக்கவியலாதபடி உணர்த்தியது. வாடை தணிந்து சோளகம் எழாத மாசி, பங்குனியே பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் துணிந்து படகிலேற்றக்கூடிய இடைவெளி. பூநகரிக் கடற்பரப்பில் மக்கள் குடியிராத பாலைதீவிலுள்ள அந்தோனியார் ஆலயத்தின் விழாவும் இதே தவக்காலத்தில் அமைவது இக்கருத்துக்கு வலுவூட்டுகிறது.

கச்சதீவு சுமார் 285 ஏக்கர் பரப்புடையது, நெடுந்தீவிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது, குடிநீர் அற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமநாதபுரக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் அங்கு ஆலயம் எழுப்பியதாகக் கூறப்படுகிறது. நீரில்லாத இடத்தில் ஓரிரவு தங்க வேண்டியிருந்ததால், ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தண்ணீர், அரிசி, விறகு ஆகியவற்றைக் கணக்கிட்டு ஏற்றுவதே பயண ஆயத்தத்தின் முதற்பகுதியாயிற்று. சுமை மிகுந்தால் படகு தாழும், குறைந்தால் தீவில் தாகம் வாட்டும் என்ற இரு அச்சங்களுக்கும் இடையில் அக்கணக்கு நின்றது. விழாவின் ஒழுங்கும் பயணத்திற்கு இசைவானதே: பகலில் வந்து சேர்வோருக்கு மாலையில் கொடியேற்றமும் சிலுவைப்பாதையும் இரவில் தேர்ப்பவனியும், மறுநாட் காலையில் திருப்பலியும் நிகழ்வதால், இரு வழிப் பயணமும் பகல் வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். இடையில் இலங்கை, தமிழகம் ஆகிய இரு கரை உறவினர்களும் சந்தித்தனர். துணியும் சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும் கைமாறின. வழிபாட்டோடு உல்லாசமும் கலந்த இந்தப் பயணத்தை வெறும் யாத்திரை என்று சுருக்குவது அதன் நிறைவைக் குறைப்பதாகும்.

நயினாதீவு நாகபூசணி அம்மனின் பெருவிழா சோளகக் காலமான ஆனி மாதத்திலேயே நடைபெறுவது இங்கு மறுப்பாகத் தோன்றலாம். ஆயினும் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் வழி அயல்தீவுகளுக்கு இடையிலான குறுகிய நீர்வழி. காற்று பொறுக்கும் நேரம் பார்த்துப் படகுகள் பலமுறை சென்று மீளலாம். கச்சதீவுக்குச் செல்வோருக்கு அத்தகைய வாய்ப்பு இல்லை.

காற்றைக் கணித்த அறிவால் கணிக்க முடியாத இடர்களும் பின்னர் வந்தன. கச்சதீவை இலங்கைக்கு உரியதாக்கிய 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரை, இந்திய யாத்திரிகர் பயண ஆவணமோ வீசாவோ இன்றி முன்போலவே அங்கு வந்துசெல்லலாம் என்று உறுதியளித்தது. கடல்வழி மரபொன்றுக்கு இரு அரசுகள் எழுத்தில் அளித்த அரிய மதிப்பு அது. ஆனால் இலங்கையின் உள்நாட்டுப் போர் அம்மரபை முறித்தது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்ற பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். தீவக மக்களுக்கு அன்றாடப் பயணமே உயிர்ப்பணயமாகிவிட்ட அக்காலத்தில் விழாப் பயணங்கள் தடைப்பட்டதில் வியப்பில்லை.

போர் முடிந்தபின் விழா மீண்டும் வேரூன்றி, 2016இல் கச்சதீவில் புதிய ஆலயமும் திறக்கப்பட்டது. இன்று யாழ்ப்பாணத்திலிருந்து செல்வோர் குறிகட்டுவானிலும், தமிழகத்திலிருந்து செல்வோர் இராமேசுவரத்திலும் படகேறுகின்றனர். பெயர்ப்பதிவு, படகுச் சோதனை, உயிர்காப்பு அங்கி, கடற்படையின் காவல் ஆகியவை இன்றைய பயணத்தின் ஒழுங்குகளாகியுள்ளன. எனினும் 2024 பெப்ரவரியில், இலங்கை நீதிமன்றத்தால் தமிழக மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து இராமேசுவரம் படகுகள் விழாவைப் புறக்கணித்தன. கடல் வழிவிடும் பருவத்தில் அக்கரை யாத்திரிகர் இன்றியே கச்சதீவில் திருப்பலி நடைபெற்றது. மறு ஆண்டு மார்ச்சில் அப்படகுகள் மீண்டும் புறப்பட்டன.