மாங்காயான மலர்ச்செடி

நம் பட்டுச் சேலைகளில் நுனி வளைந்து நிற்கும் உருவை நாம் மாங்காய் என்கிறோம். அடுத்த வீட்டுப் பஞ்சாபியர் அதனை ‘அம்பி’ என்பர். மராத்தியர் ‘கைரி’ என்பர். இரண்டிற்கும் மாங்காய் என்பதே பொருள். ஆயினும், இவ்வுருவுக்கு உலகப் புகழ் தேடித் தந்த காஷ்மீரச் சால்வையின் வரலாற்றை நோக்கினால், அங்கு அது தோன்றியது மாமரத்தினின்று அன்று. ஒரு மலர்ச்செடியினின்றே என அறிகிறோம்.

1620-இல் காஷ்மீரம் சென்ற மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அந்நாட்டு மலர்களில் உள்ளம் பறிகொடுத்தார். ஓவியர் மன்சூர் நூற்றுக்கு மேற்பட்ட மலர்களை வரைந்தார் எனத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார். பின்னர் அரண்மனைக் கல்லிலும் துணியிலும் தனித்து நிற்கும் பூஞ்செடி இடம்பெற்றது. 17ஆம் நூற்றாண்டுச் சால்வைகளின் முந்தானையில் அச்செடி ஒல்லியாய், இயற்கை எழிலோடு விளங்கிற்று. அதன் பெயர் ‘பூட்டா’. செடி என்பது பொருள். நாம் ‘புட்டாச் சேலை’ என வழங்குவதும் அச்சொல்லே.

18ஆம் நூற்றாண்டில் மலர்கள் நெருங்கிக் கொத்தாயின. தலை ஒருபுறம் சாய்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் செடி மறைந்து, வளைந்த புறக்கோடே எஞ்சியது.

‘கானி’ எனும் சிறு மரக்குச்சிகளில் வண்ண நூல் சுற்றி, ‘தாலிம்’ எனும் குறியெழுத்து கூறும் நிறமும் இழைக்கணக்கும் பிறழாது நெய்தனர் காஷ்மீரத்தார். உயர்ந்த சால்வை ஒன்று முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் அதனைப் போன்று மலிவாக நெய்து குவித்தனர். ஆங்கிலத்தில் உருவுக்கே அந்நகரின் பெயர் நிலைத்தது.

முதலில் நெய்தவர் நிலை யாது? 1833-இன் பஞ்சத்தில் பலர் அமிர்தசரஸிலும் லூதியானாவிலும் குடியேறித் தறியை அங்கே நாட்டினர். ஊரில் எஞ்சியோர் கொடிய வரியை எதிர்த்து 1865-இல் ஸ்ரீநகரில் திரண்டபோது, படையினர் தாக்க, ஆற்றில் வீழ்ந்து மாண்டோர் பலர். 1870-இல் மூண்ட பிரெஞ்சு–பிரஷ்யப் போரால் பெருஞ்சந்தையாகிய பிரான்சும் கைவிட்டது.

ஊர் பெயர்ந்தும் தொழில் மறவாத அம்மக்களின் நிலை, பிழைப்பை நாடி வந்த நமக்கு எளிதில் விளங்கும். இன்று கடைகளில் நம் சிறார் இவ்வுருவைப் ‘பெய்ஸ்லி’ எனக் கேட்டு வாங்குகின்றனர். மாங்காய் என்னும் நம் வழக்கையும், பூட்டா என்னும் பழம்பெயரையும் அவர்க்கு உரைப்போமாக. உருவை ஆக்கியோர் பெயரை நாம் அறியோம்; அவர் அதற்கிட்ட பெயரையேனும் காப்போம்.