ஒட்டகக் கதையும் ஃபிக்ஹ் நூல்களும்

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனத்தின் வரலாற்றை எழுதுவோர் பலர், அதனை அரபுப் பாலைவனத்திலிருந்து தொடங்குவர். நெடும் பயணத்தில் பெண் ஒட்டகம் சினையுறாதிருக்க, வணிகர் அதன் கருப்பையில் சிறு கற்களை இட்டனர் என்பது அக்கதை. இதற்கு நம்பத்தகுந்த மூலச் சான்று எதுவும் காட்டப்பட்டதில்லை. இன்று நாம் அறிந்த கருப்பையகச் சாதனம் 20ஆம் நூற்றாண்டின் ஆக்கமேயாகும்: 1920களில் பெர்லினில் கிராஃபன்பெர்க் வளையம்; 1962இல் லிப்பஸ் லூப்; அப்பத்தாண்டின் இறுதியில் செம்பு சேர்ந்த 'டி' வடிவச் சாதனம்.

முஸ்லிம்களின் மெய்யான பங்களிப்பு வேறிடத்தில் உள்ளது. இப்னு ஸீனா (மறைவு 1037) தம் 'அல்கானூன்' நூலில், பேறுகாலத்தில் உயிராபத்தை எதிர்நோக்கும் சிறுவயதுப் பெண்ணுக்கும், கருப்பை நோயுடையோருக்கும் மருத்துவர் கருவைத் தடுக்க நேரும் என்று காரணம் கூறி, மாதுளை, கீல் முதலியவற்றாலான மருந்துகளை விவரிக்கிறார். அவற்றுள் உள்ளே வைக்கும் மருந்துகளும் உண்டு. இவற்றின் பயன் இன்றைய அளவுகோலில் நிறுவப்பட்டதன்று. எனினும் தாயின் உயிரை முன்னிறுத்திய அந்த நோக்கு கருதத்தக்கது. 12ஆம் நூற்றாண்டில் டொலிடோ நகரில் இந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது.

சட்ட அறிஞர்களின் ஆய்வு 'அஸ்ல்' பற்றியது. குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அதனைச் செய்துவந்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸே அதற்கு அடித்தளம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் மனைவியின் உயிர்க்காப்பையும், மிகுதியான குழந்தைகளால் நேரும் நெருக்கடியையும் ஏற்கத்தக்க நோக்கங்களாகக் கொண்டார். பெண்மகவு பிறக்குமோ என்னும் அச்சத்தை ஏற்கவில்லை. ஹனஃபி, மாலிகி, ஹன்பலி அறிஞர் பலர் மனைவியின் இசைவையும் வேண்டினர்.

அவ்வாறாயின், மனைவியே தடுத்துக்கொண்டால்? 16ஆம் நூற்றாண்டுக் கெய்ரோவில் இப்னு நுஜைம் சகோதரர் இருவர் இவ்வினாவில் வேறுபட்டனர். கணவனின் அனுமதியின்றிப் பெண் தன் கருப்பைவாயை அடைப்பது கூடாதென்பது மூத்தவர் ஸைனுத்தீன் தம் 'அல்பஹ்ருர் ராயிக்'கில் முன்வைத்த கருத்து. அவளது இசைவின்றிக் கணவன் அஸ்ல் செய்வதுடன் அதனை அவர் ஒப்பிட்டார். இளையவர் உமரோ, பெண்கள் வழக்கமாகச் செய்துவரும் செயலே அதுவெனச் சுட்டி, அதனை ஆகுமென்றார். டமாஸ்கஸின் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) இரண்டையும் பதிவுசெய்து, முன்னது மத்ஹபின் மூலக் கருத்தையும், பின்னது பிற்கால ஷைகுமார்களின் கருத்தையும் சார்ந்தது என விளக்கினார்.

1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கணவன் மனைவி இருவரும் கலந்து இசையும் தற்காலிகத் தடையை நிபந்தனைகளுடன் அனுமதித்தது. இன்றியமையா நிலையிலன்றி நிரந்தர மலடாக்கலை விலக்கியது. பிள்ளைப்பேற்றுரிமையைக் கட்டுப்படுத்தும் பொதுச்சட்டத்தையும் ஏற்கவில்லை.

கல்லிட்ட ஒட்டகத்தைக் காட்டிப் பெருமை தேடவேண்டிய தேவை நமக்கில்லை. தன் கருப்பை குறித்துப் பெண்ணின் சொல்லுக்கு என்ன எடை என்று நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் நூல்கள் வாதிட்டுள்ளன. அவ்வாதம் இன்றும் நம் இல்லங்களில் முடிவுறவில்லை.